ஒரே கட்டத்தில் இரு பெண்கள்

ஜொகூர் பாரு
4 மார்ச் 2024

டாக்டர் நாச்சியம்மை அவர்களுக்கு,

உறையில் இருக்கும் மலாய்க் கடிதம் பல்கலைக்கழகத்துடையது. அதை உங்கள் கிளினிக் உதவியாளர் படித்தால் போதும். இந்தத் தாளை மட்டும் நீங்கள் படியுங்கள்.

ஜொகூரில் சினைப்பைப் புற்றுநோய் வந்த பெண்களை இனவாரியாக ஆராய்கிறோம். மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்று ஒவ்வொரு பிரிவிலும் நோய் எந்த நிலையில் தெரியவந்தது, முதலில் எந்த டாக்டரைப் பார்த்தார்கள், அங்கிருந்து ஸ்கேன் எடுக்க எத்தனை நாள் ஆனது என்பவைதான் கேள்விகள். பத்து வருடப் பதிவுகள், இருநூற்றுப் பதினான்கு பெண்கள். அவர்களில் நான்கு பேர் முதலில் வந்தது மூவாரில் உங்கள் கிளினிக்குக்கு. அவர்களுடைய அட்டைகளின் நகல் வேண்டும். சம்மதப் படிவங்கள் நான்கையும் இணைத்திருக்கிறேன். நான்காவது படிவத்தில் மகள் என்ற இடத்தில் என் கையெழுத்து இருக்கும்.

அம்மாவின் பதிவை நான் தொடமாட்டேன். அதை என்னோடு வேலை செய்யும் ரூபேந்திரன் பார்த்துக்கொள்வார்.

போனில் கேட்டிருக்கலாம். உங்கள் எண்ணை அம்மா இறந்த அன்றே அழித்துவிட்டேன். கிளினிக் எண் தேடினால் கிடைக்கும். ஆனால் உங்கள் குரலைக் கேட்டால் என்ன பேசுவேன் என்று எனக்கே தெரியாது. எழுதினால் அடித்துத் திருத்தலாம்.

தேன்மொழி வேலு


மூவார்
19 மார்ச் 2024

தேன்மொழிக்கு,

‘அவர்களுக்கு’ என்று எழுதக் கை வரவில்லை. பதினாறு வயதில் ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிறோம்.

மூன்று அட்டைகளின் நகல் இதோடு வருகிறது. நான்காவதை அனுப்பவில்லை. அது தொலையவில்லை, என் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது. பழைய அட்டைகளைக் கழிக்கும்போதெல்லாம் அதை மட்டும் எடுத்துத் தனியே வைத்துவிடுவேன்.

அனுப்பினால் உன் ரூபேந்திரன் தேதிகளை எண்ணுவார். தேதிகளில் தெரியாத ஒன்று இருக்கிறது. அதை உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். சொல்ல இன்னும் தைரியம் வரவில்லை.

சாவு வீட்டில், அம்மாவோடு நாற்காலித் தொழிற்சாலையில் வேலை செய்தவர்கள் எல்லாருக்கும் முன்னால் நீ சொன்னாய்: “கேஸ்ட்ரிக் மருந்து குடுத்தே எங்கம்மாவக் கொன்னுட்டியேடி.” நான் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். எல்லாரும் அதை டாக்டரின் திமிர் என்று நினைத்தார்கள். நீயும் அப்படித்தான் நினைத்திருப்பாய்.

உன் கையெழுத்து மாறவில்லை. ‘ழ’வின் வாலை இன்னும் கீழ்க் கோடு வரை இழுக்கிறாய். ஆறாம் படிவ வகுப்பில் உன் உயிரியல் குறிப்புகளைத்தான் நான் படிப்பேன். அப்போது நீதான் டாக்டராவாய் என்று எல்லாரும் சொன்னார்கள். உனக்கு ரத்தம் பார்த்தால் மயக்கம் வரும் என்பது எனக்கும் அம்மாவுக்கும் மட்டுமே தெரியும்.

உன் அம்மாவை அம்மா என்றுதான் எழுதுவேன். எங்கள் வீட்டில் அப்பாவை அப்பச்சி, பெற்றவளை ஆத்தா என்போம். அதனால் ‘அம்மா’ என்ற சொல் எனக்கு ராசம்மா ஒருத்தருக்காகவே இருந்தது.

நாச்சியம்மை


ஜொகூர் பாரு
2 ஏப்ரல் 2024

நாச்சியம்மை,

மூன்று நகல்களும் வந்தன. நன்றி.

உன் கடிதத்துக்குப் பதில் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். ஒரே தட்டு என்று நீ எழுதியதைப் படித்ததும் மூவாரில் நானும் அம்மாவும் இருந்த அந்த ஃபிளாட் வீடு கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டது. லாபிஸ் பக்கம் தோட்டத்தில் ரப்பர் மரங்களை வெட்டி எண்ணெய்ச் செம்பனை போட்டபோது, பத்து வயதான என்னை இழுத்துக்கொண்டு அம்மா மூவாருக்கு வந்தார். நாற்காலிக் கால்களை உப்புத்தாளால் தேய்க்கிற வேலை. சாயங்காலம் வரும்போது புருவமெல்லாம் மரத்தூள் இருக்கும். நாம் இருவரும் பரீட்சைக்குப் படிக்கும்போது, முகம்கூடக் கழுவாமல் புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு, “ம்... ஒப்பிங்க” என்பார். அம்மாவுக்கு மலாய் படிக்கத் தெரியாது. ஆனால் நாம் எங்கே தப்பு விட்டாலும் பிடித்துவிடுவார். எப்படி என்று நீ கேட்டாய். “நீ முழுங்குன. முழுங்குனா அது தப்புதான்” என்றார்.

சனிக்கிழமை மதியம் வேலை விட்டதும் நம் இருவரையும் மோட்டாரில் பின்னால் ஏற்றிக்கொண்டு தஞ்சோங்கில் ஆற்றங்கரைக்குப் போவார். மூன்று பேர், ஒரே ஒரு ஹெல்மெட். அது உனக்குத்தான். “அது செட்டியார் வீட்டுப் புள்ள. தலையில ஒன்னு ஆச்சுன்னா நாந்தான் பதில் சொல்லணும். உன் தல எனக்குத் தெரியும், அது கல்லு” என்பார். நான் அழுவேன். ஓத்தாக் ஓத்தாக் வாங்கித் தந்து சமாதானம் செய்வார். மீன் வேகிற அந்த இலைப் புகை வாசம் ஜொகூர் பாருவில் எங்காவது வந்தால் இப்போதும் காரை ஓரமாக நிறுத்திவிடுகிறேன்.

சரி, வேலைக்கு வருகிறேன். இந்த ஆய்வைத் தொடங்கும்போது என் மனதில் ஒரு விடை தயாராக இருந்தது. நம் பெண்கள் வெட்கப்படுகிறார்கள், பொறுத்துக்கொள்கிறார்கள், நோய் முற்றிய பிறகுதான் டாக்டரிடம் வருகிறார்கள். கருத்தரங்குகளில் எல்லாரும் இதைத்தான் சொன்னார்கள். நானும் சொன்னேன். கைதட்டினார்கள்.

எங்களிடம் உள்ள பதிவுகள் அப்படிச் சொல்லவில்லை. இந்தப் பட்டியலில் இருக்கும் இந்தியப் பெண்கள் மற்றவர்களைவிடத் தாமதமாக டாக்டரிடம் போகவில்லை. முதல் மாதத்திலேயே போயிருக்கிறார்கள். வயிறு உப்புகிறது, இரண்டு வாய் சாப்பிட்டாலே நிறைந்துவிடுகிறது, அடிக்கடி ஒன்றுக்கு வருகிறது என்று சொல்லியிருக்கிறார்கள். நாலு முறை, ஐந்து முறை. ஒருவர் ஒன்பது முறை. ஒவ்வொரு முறையும் மருந்து கொடுத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். தாமதம் அவர்கள் வாயைத் திறந்த பிறகுதான் நடந்திருக்கிறது.

உன்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை. சரி, குத்தத்தான் எழுதினேன். ஆனால் இதையும் எழுத வேண்டும். 2014 மே மாதம் நான் இங்கிலாந்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தபோது அம்மா போனில், “கைலி முடிச்சு நிக்க மாட்டேங்குது தேனு, இடுப்பு பெருத்துப்போச்சு” என்றார். “நல்லா சாப்புடுறீங்கன்னு அர்த்தம்லா” என்று சிரித்தேன். அம்மாவும் சிரித்தார்.

அந்த நான்காவது அட்டையில் என்ன இருக்கிறது?

தேன்மொழி


மூவார்
28 ஏப்ரல் 2024

தேனு,

நகல் இணைத்திருக்கிறேன். முதலில் கடிதத்தைப் படி.

2014 ஏப்ரல் 9: வயிற்று உப்புசம், பசியின்மை. கேஸ்ட்ரிக் மருந்து. மே 21: அதே குறை. மருந்தை மாற்றினேன். இந்த இரண்டிலும் நான் தவறவிட்டேன். கிளினிக் திறந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது, ஒரு நாளைக்கு அறுபது பேர் வந்தார்கள் என்றெல்லாம் சொல்லலாம். சொல்லவில்லை.

ஜூலை 2, மூன்றாம் முறை. அன்று கை வைத்துப் பார்த்தேன். வயிற்றில் நீர் கோத்திருந்தது. எனக்குத் தெரிந்துவிட்டது. அரசாங்க மருத்துவமனைக்கு ஸ்கேனுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். செப்டம்பர் 22-க்குத் தேதி கிடைத்தது. அதுவரை அட்டையில் இருக்கிறது.

அட்டையில் இல்லாததை இனி எழுதுகிறேன்.

ஜூன் 30, திங்கட்கிழமை. அப்பச்சியோடு பிறந்த என் விசாலாட்சி அயித்தை கிளினிக்குக்கு வந்தார்கள். அறுபத்தொரு வயது. வயிறு உப்புகிறது, சாப்பிட முடியவில்லை என்றார்கள். அதே வார்த்தைகள். அவர்கள் வீட்டுக்குத் திரும்புவதற்குள் அப்பச்சி போன் போட்டார்: “இன்னைக்கே என்ன ஏதுன்னு பாரு, நாச்சி.” நான் ஜொகூர் பாருவில் என்னோடு படித்த நிபுணரை அழைத்தேன். மறுநாள் செவ்வாய்க்கிழமை கிளினிக்கைப் பூட்டிவிட்டு என் காரிலேயே கூட்டிக்கொண்டு போனேன். காலையில் ஸ்கேன், மாலையில் ரத்தப் பரிசோதனை முடிவு. அடுத்த வாரம் அறுவை சிகிச்சை. நோய் ஒரு பக்கத்துச் சினைப்பைக்குள்ளேயே இருந்தது. அயித்தைக்கு இப்போது எழுபத்தொரு வயது. நேற்றுகூட காப்பியில் சர்க்கரை குறைவு என்று என்னோடு சண்டை போட்டார்கள்.

புதன்கிழமை அம்மா வந்தார். உட்கார்ந்ததும், “நேத்து வந்தேன், பூட்டியிருந்துச்சே? ஒனக்கு ஒடம்பு சரியில்லையா?” என்று கேட்டார். அயித்தையை ஜொகூர் பாருவுக்குக் கூட்டிப் போனேன் என்றேன். “நல்ல காரியம் பண்ணுன. வயசானவங்களத் தனியா அனுப்பக் கூடாது” என்றார்.

அதைக் கேட்டுவிட்டுத்தான் அவருக்குச் சீட்டு எழுதினேன், தேனு. போன் என் மேசைமேல் இருந்தது. அதே நிபுணர், அதே எண். முந்தின இரண்டு நாளில் இருபது தடவை பேசிய எண். அழைக்கவில்லை. யோசித்து, வேண்டாம் என்று முடிவெடுத்திருந்தால்கூட என்னை நானே புரிந்துகொண்டிருப்பேன். எனக்கு அப்படி ஒரு எண்ணமே வரவில்லை. அயித்தை என்றதும் கார்ச்சாவியைத் தேடிய கை, அம்மா என்றதும் பேனாவைத் தேடியது. செப்டம்பர் வரைக்கும் ஆகுமே என்று வாயால் சொன்னேன். “பரவால்லலா, நீ வேலையப் பாரு, வெளிய நெறைய பேரு ஒக்காந்திருக்காங்க” என்றார். நானும் வேலையைப் பார்த்தேன்.

உன் ஆய்வுத் தாளில் இனம் என்ற கட்டத்தில் அயித்தையும் இந்தியர், அம்மாவும் இந்தியர். ஒரே ஊர், ஒரே டாக்டர், ஒரே வாரம். அந்தக் கட்டம் இதைச் சொல்லாது என்பதால்தான் எழுதினேன். அயித்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “என் பேரையும் எழுதிக்கச் சொல்லு” என்றார்கள். அவர்கள் கையெழுத்திட்ட படிவமும் இதில் இருக்கிறது.

அடுத்த ஜனவரியில் அம்மாவைப் பார்க்க மருத்துவமனைக்கு வந்தபோது வார்டு வாசலிலேயே நீ என்னை நிறுத்திவிட்டாய். அன்று இதைத்தான் அவரிடம் சொல்ல வந்தேன்.

நாச்சி


ஜொகூர் பாரு
9 ஜூன் 2024

நாச்சியம்மை,

ஆறு வாரமாக உன் கடிதம் என் கைப்பையிலேயே இருக்கிறது. கிழிக்கவில்லை. கிழித்தால் அம்மா சொன்ன வார்த்தைகளும் போய்விடும். கடைசியாக அவர் குரலில் எனக்குப் புதிதாக ஏதாவது கிடைத்தது பத்து வருடத்துக்கு முன்னால்.

உனக்குத் தெரியாமல் போனது என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். தெரியாதவளைத் திட்டிவிட்டோமே என்று சில நாள் எனக்கு உறுத்தும். உனக்குத் தெரிந்திருக்கிறது. அப்படியென்றால் நான் சாவு வீட்டில் சொன்னது குறைவு.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அம்மாவின் அட்டையை வைத்திருந்தாய். இப்போது உன் இழுப்பறையில் எத்தனை பேர் அதே குறையோடு மூன்றாம் முறை வந்துவிட்டுப் போன அட்டைகளாகக் கிடக்கிறார்கள்? அதை எண்ணினாயா?

தேன்மொழி


மூவார்
7 ஜூலை 2024

தேனு,

எண்ணினேன். உன் கடிதம் வந்த அன்றே உதவியாளரை உட்காரவைத்து ஒரு வருடத்து அட்டைகளைப் பார்த்தோம். நாற்பது வயதைத் தாண்டியவர்கள், வயிறு உப்புகிறது என்று இரண்டு முறைக்கு மேல் வந்தவர்கள், ஸ்கேனுக்குப் போகாதவர்கள். பதினொரு பேர். ஏழு பேர் இந்தியர்கள், மூன்று பேர் மலாய்க்காரர்கள், ஒரு சீனர். கூச்சமாக இருக்கிறது. இருபது வருடம் மருத்துவம் பார்த்தவளுக்கு உன் திட்டு தேவைப்பட்டிருக்கிறது.

பதினொரு பேரையும் நானே அழைத்தேன். பத்து பேருக்கு ஸ்கேனில் ஒன்றும் இல்லை. ஒருவருக்கு மட்டும்தான் கட்டி தெரிந்தது. வெள்ளையம்மா, நாற்பத்தேழு வயது. லாபிஸ் அருகே செம்பனைத் தோட்டத்தில் நாற்றுகளுக்கு உரம் போடுகிறார். மகள் மூவாரில் வேலை செய்வதால் என்னிடம் வருவார். “டாக்டரே போன் போட்டா பயமா இருக்குங்க, எனக்கு என்னமோ இருக்குதானே?” என்று கேட்டார். தெரியவில்லை, பார்த்துவிடலாம் என்றேன்.

கிளினிக்கைப் பூட்டிவிட்டு அவரை என் காரில் கூட்டிப் போனேன். வழியெல்லாம் அவர் மகளின் கல்யாணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். எனக்குக் காது கேட்டதே ஒழிய மனது பூட்டிய கதவிலேயே இருந்தது. அன்று யார் வந்து திரும்பிப் போனாரோ?

வரும் புதன்கிழமை ஜொகூர் பாருவில் அவருக்கு அறுவை சிகிச்சை. அங்கே அவருக்கு யாரையும் தெரியாது. மகளுக்கு இரண்டு நாள்தான் விடுமுறை. எனக்காக உன்னிடம் எதுவும் கேட்கமாட்டேன். இவருக்காகக் கேட்கிறேன். ஒரு முறை போய்ப் பார்.

நாச்சி


ஜொகூர் பாரு
18 ஆகஸ்ட் 2024

நாச்சி,

ஒரு முறை போய்ப் பார் என்று எழுதினாய். இதுவரை பதினான்கு முறை போய்விட்டேன். வெள்ளையம்மா என்னை ‘எண்ணுற டீச்சர்’ என்கிறார். என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்டபோது, எந்த இனத்துக்கு எவ்வளவு நோய் என்று எண்ணுவேன் என்றேன். “எண்ணி?” என்றார். அந்தக் கேள்வியை இதுவரை எந்தப் பேராசிரியரும் என்னிடம் கேட்டதில்லை.

விவரம் உனக்கு வந்திருக்கும், இருந்தாலும் எழுதுகிறேன். இரண்டாம் நிலை. இரண்டு சினைப்பைகளிலும் இருந்தது, கருப்பையிலும் சிறிது. மேலே பரவவில்லை. முழுவதும் எடுத்துவிட்டார்கள். முதல் கீமோ முடிந்தது. நன்றாகத் தேறுவார் என்றுதான் டாக்டர்கள் நம்புகிறார்கள். யாரும் சத்தியம் செய்யவில்லை. நானும் கேட்கவில்லை.

‘எண்ணி?’ என்று அவர் கேட்டதற்குப் பதிலாக இரண்டு காரியம் செய்தேன். ஆய்வுத் தாளில் இனம் என்ற கட்டத்துக்குக் கீழே புதிதாக இரண்டு கேள்விகள் சேர்த்திருக்கிறோம். தோட்டமா, தொழிற்சாலையா, சொந்தத் தொழிலா என்பது ஒன்று. உங்களுக்காக யாராவது மருத்துவமனைக்கு போன் செய்தார்களா என்பது இன்னொன்று. ரூபேந்திரன் இரண்டாவது கேள்வியைப் படித்துவிட்டு, “இதெல்லாம் ஒரு ஆய்வுக் கேள்வியா, மேடம்?” என்றார். பழைய நோயாளிகளில் உயிரோடு இருப்பவர்களிடம் கேட்டுப் பார்க்கச் சொன்னேன். மூன்று நாள் கழித்து முடிவுகளை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். ஆம் என்றவர்களுக்கும் இல்லை என்றவர்களுக்கும் நடுவே, ஸ்கேன் கிடைப்பதில் ஒன்பது வார வித்தியாசம்.

இன்னொன்று. ஒரு டாக்டர் தன் காரில் ஒருவரைக் கூட்டிப் போவது நல்ல மனசு. அது ஏற்பாடு ஆகாது. நீ ஊருக்குப் போயிருந்தால் வெள்ளையம்மா என்ன ஆகியிருப்பார்? ஸ்கேன் பிரிவின் தலைவரிடம் எங்கள் ஆய்வு முடிவுகளைக் கொண்டுபோய்க் காட்டினேன். வியாழக்கிழமைதோறும் நான்கு இடங்களை ஒதுக்கித் தந்திருக்கிறார். இரண்டாம் முறை அதே குறையோடு வருகிற எந்தப் பெண்ணையும், யார் எவர் என்று பார்க்காமல், நீ ஒரு தாளில் எழுதி அனுப்பினால் போதும். மூவாரில் இன்னும் மூன்று டாக்டர்களிடம் நீதான் பேச வேண்டும். என்னிடம் பேசமாட்டார்கள்.

இனி எழுதப்போவதை நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

அந்த ஜனவரியில் நீ வார்டு வாசலுக்கு வந்தபோது, அம்மா தூங்குகிறார் என்று சொல்லி உன்னைத் திருப்பி அனுப்பினேன். அம்மா தூங்கவில்லை. தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். திரைக்குப் பின்னால் பத்தடி தூரம்தான். உன் குரல் கேட்டிருக்க வேண்டும். நான் உள்ளே போனதும், “நாச்சியா?” என்று கேட்டார். இல்லை, நர்ஸ் என்றேன்.

மறுநாள் மறுபடி கேட்டார். “நாச்சி வரலயா? அவளுக்கு வேல ஜாஸ்தி.” நீங்கள் தூங்கும்போது வந்துவிட்டுப் போனாள் என்றேன். “எழுப்பியிருக்கலாம்ல, தேனு” என்றார்.

அதற்குப் பிறகு உன்னைப் பற்றிக் கேட்கவில்லை. பதினோரு நாள் இருந்தார்.

நீ கொடுத்த அந்த கேஸ்ட்ரிக் மருந்துக்காக உன்னைப் பத்து வருடம் வெறுத்தேன். அதில் பாதி என்மேல் இருந்த வெறுப்பு என்பது எனக்கு அப்போதே தெரியும். அம்மா கடைசியில் கேட்டது உன் ஒருத்தியைத்தான். நான் கொடுக்கவில்லை. நீ செய்ததை மன்னித்துவிட்டேன் என்று எழுத இன்னும் வரவில்லை, நாச்சி. என்னை மன்னி என்றும் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் தெரிந்தாக வேண்டும், அவ்வளவுதான்.

வெள்ளையம்மாவுக்கு வரும் வியாழக்கிழமை இரண்டாவது கீமோ. முடி கொட்டத் தொடங்கிவிட்டது. கண்ணாடியை வாங்கிப் பார்த்துவிட்டு, “நாச்சி டாக்டர் என்னய இப்புடிப் பாக்க வருவாங்களா?” என்று கேட்டார்.

வருவாங்க என்று சொல்லியிருக்கிறேன்.

தேனு